ஒரு பகலில் மூன்று குடியரசுகள்

இத்தாலி தேசத்துக்குப் போய் வந்தவர்களுடைய வீட்டில் தவறாமல் ஒரு புகைப்படம் இருக்கும். பின்னால் வெள்ளைச் சலவைக் கல்லினாலான கோபுரம் ஒன்று சாய்ந்து நிற்கும். முன்னால் யாத்திரிகர் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு, அந்தக் கோபுரம் விழுந்து விடாமல் தாமே தாங்கிப் பிடித்திருப்பது போல் பாவனை செய்வார். படத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். "அது ஏன் சாய்ந்தது?" என்று குழந்தைகள் கேட்பார்கள். "அஸ்திவாரம் சரியில்லை" என்று பதில் வரும். பீஸா நகரத்தைப் பற்றிய சம்பாஷணை அத்துடன் முடிந்து போகும்.

அந்தக் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் 'காம்போஸான்டோ' என்னும் பழைய மயான மண்டபம் இருக்கிறது. அதன் சுவரில் கனமான இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன. அவற்றைப் புகைப்படம் எடுப்பவர்கள் வெகு சிலர். ஆயினும், இத்தாலி தேசத்தின் அறுநூறு வருஷத்துச் சரித்திரம் அந்தச் சங்கிலிகளில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அந்தச் சரித்திரம் செவ்வனே விளங்க வேண்டுமானால், பீஸாவுக்குப் போவதற்கு முன்னால் வேறு இரண்டு ஊர்களைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். மூன்று ஊர்களையும் ஒரே பகலில் பார்த்துத் திரும்புவதற்கு இப்போது நல்ல வசதிகள் இருக்கின்றன.

எட்டுப் பேர் கோஷ்டி

மேல்நாட்டுச் சுற்றுப் பிரயாணம் செய்யும் நம்மவர்கள் ப்ளாரென்ஸ் நகரத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவது வழக்கம். அந்நகரம் தஸ்கனி என்னும் பிரதேசத்தின் தலைநகரம். அங்கிருந்து காலை எட்டு மணி சுமாருக்குப் புறப்பட்டு, தெற்கே ஸியேனா, பிறகு குன்றின் மேலுள்ள ஸான் ஜிமின்யானோ, மாலையில் மேற்கே பீஸா என்று மூன்று ஊர்களையும் சுற்றிக்கொண்டு இரவு போஜன வேளைக்குத் திரும்பி விடலாம். மொத்தம் ஏறக்குறைய 170 மைல் பிரயாணம்.

இதற்குப் பெரிய பஸ்களும் உண்டு. சிறிய வேன்களும் உண்டு. பெரிய பஸ்ஸில் ஐம்பது பேர் போவார்கள். சிறிய வேனில் பெரும்பாலும் எட்டுப் பேர்தான். ஐரோப்பியச் சட்டப்படி, சாதாரண மோட்டார் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டக்கூடிய வண்டியில் சாரதியைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது. வேனுக்குக் கட்டணம் அதிகம் என்பது உண்மையே. ஆனால் ஐம்பது பேர் இறங்குவதற்கும், ஏறுவதற்கும், காணாமற் போன ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்கும் செலவாகும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், கொடுத்த பணம் வீண் அல்ல என்று தெரியும். எட்டுப் பேர் கோஷ்டியில் வழிகாட்டியிடம் கேள்வி கேட்கலாம். இந்தப் பிரயாணத்துக்கு அதுவே பிரதானம்.

வழிகாட்டி என்றவுடன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தாலியில் சரித்திரப் பிரசித்தி பெற்ற இடங்களை விளக்கிக் காட்டும் தொழிலைச் செய்வதற்குப் பரீட்சையில் தேறி அநுமதிப் பத்திரம் பெற்றிருக்க வேண்டும். சில கோஷ்டிகளில் வண்டி ஓட்டுகிறவரே வழி நெடுகப் பேசிக்கொண்டு வருவார். ஆனால் ஊருக்குள் நம்மை இறக்கிவிட்டு, "இத்தனை மணிக்கு வந்து சேருங்கள்" என்று சொல்லிவிடுவார். ஆகையால் பணம் கட்டுவதற்கு முன்பே, வழிகாட்டி கூட வருகிறாரா, எந்த ஊரில் எவ்வளவு நேரம், எந்தக் கட்டடத்துக்குள் போக டிக்கட்டு சேர்ந்திருக்கிறது என்ற மூன்று விஷயங்களையும் கேட்டுத் தெரிந்து கொள்வது நலம்.

இந்தப் பழைய ஊர்களின் மதிலுக்குள் வெளியூர் வண்டிகள் நுழைய முடியாது. வாசலில் இறங்கிக் கற்கள் பாவிய ஏற்றத் தெருக்களில் நடக்க வேண்டும். கால்வலி உள்ள முதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக் கொள்ள வேண்டும். மாதாகோயில்களுக்குள் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்வது விதி. புடவை கட்டிய நமது பெண்மணிகளுக்கு இதனால் எவ்விதத் தொல்லையும் இல்லை.

ஒன்பதின்மர் ஆண்ட ஊர்

முதலில் ஸியேனா. ரோமாபுரியை ஸ்தாபித்த ரோமுலஸின் சகோதரன் ரேமஸுக்குப் புதல்வர்கள் இருந்ததாகவும், அவர்களே இந்த ஊரை உண்டாக்கியதாகவும் ஓர் ஐதிகம் உண்டு. ஆகையால் இங்கும் தெருவுக்குத் தெரு, இரு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் பெண் ஓநாயின் சிலையைக் காணலாம்.

ஊரின் நடுவில் 'காம்போ' என்னும் மைதானம் விசிறியை விரித்து வைத்தாற்போல் சரிந்து கிடக்கிறது. செங்கல் பாவிய அந்தச் சரிவை வெள்ளைக் கல் வரிகள் ஒன்பது பாகங்களாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை அந்நகரை ஆண்ட ஒன்பதின்மர் சபையின் அடையாளம் அது. ஸியேனாவுக்கு அக்காலத்தில் அரசன் இல்லை. வர்த்தகர்களிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட ஒன்பது பேர் இரண்டு மாதம் அதிகாரம் செலுத்துவார்கள். பிறகு வேறு ஒன்பது பேர் வருவார்கள். பதவியிலிருக்கும் இரண்டு மாதமும் அவர்கள் அரண்மனையிலேயே வாசம் செய்ய வேண்டும். மனம் போனபடி வெளியே உலாவக் கூடாது. ஊராரிடம் லஞ்சமும் சிபாரிசும் அணுகாமல் இருப்பதற்கு இப்படி ஓர் ஏற்பாடு! இவ்வளவு கட்டுத்திட்டம் செய்தவர்கள், பிரபுக்களையும் ஏழைத் தொழிலாளிகளையும் அந்தச் சபையில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1355-ல் நடந்த கிளர்ச்சியில் அவர்களுடைய ஆட்சி கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மைதானத்தின் தாழ்ந்த பக்கத்தில் 1297-ல் கட்டத் தொடங்கிய நகர மாளிகை நிற்கிறது. அதை ஒட்டி ஏறக்குறைய 285 அடி உயரமுள்ள மாஞ்சா கோபுரம். யாத்திரிகர்கள் பெரும்பாலும் வெளியில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய் விடுகிறார்கள். மாளிகைக்கு உள்ளே, ஒன்பதின்மர் கூடி யோசனை செய்த மண்டபத்தில், அம்ப்ரோஜியோ லோரென்ஸெட்டி என்னும் சித்திரக்காரர் 1338-39-ல் எழுதிய சுவர்ச் சித்திரங்கள் இருக்கின்றன. கோஷ்டிப் பிரயாணத்தில் இதற்கு டிக்கட்டு சேர்ந்திருப்பது அபூர்வம். மண்டபம் அன்று திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் தனியாக டிக்கட்டு வாங்கியாவது பார்த்துவிட வேண்டும்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் சுவர்ச் சித்திரம் என்றால் ஏசுநாதர் சரித்திரம் அல்லது மகான்களின் சரித்திரமாகவே பெரும்பாலும் இருக்கும். லோரென்ஸெட்டி எழுதியதோ நல்லாட்சியும் கொடுங்கோலும். ஒரு சுவரில் நீதி தேவியின் தராசிலிருந்து இரண்டு கயிறுகள் இறங்குகின்றன. அவளுக்குக் கீழே ஒற்றுமை என்னும் பெண் அவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருக்கிறாள். அவள் மடியில் ஓர் இழைப்புளி. மேடு பள்ளத்தைச் சமமாக்கும் தச்சன் கருவி அது. அந்தக் கயிற்றை இருபத்து நான்கு பிரஜைகள் கை மாற்றிக் கொண்டு போய், பொது நன்மை என்னும் முதியவரிடம் சேர்க்கிறார்கள். அடுத்த சுவரில் அந்த நல்லாட்சியின் பலன்: கொத்தர்கள் வீடு கட்டுகிறார்கள், ஆசிரியர் பாடம் சொல்லுகிறார், இளம் பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள், திறந்த கோட்டை வாசல் வழியாகக் குடியானவர்கள் விளைபொருளைக் கொண்டு வருகிறார்கள், வெளியே வயலில் அறுவடை நடக்கிறது.

எதிர்ச் சுவரில் கொம்பு முளைத்த கொடுங்கோலன் வீற்றிருக்கிறான். குரூரம், துரோகம், வஞ்சனை, போர் முதலியோர் அவன் மந்திரிகள். அவர்களில் ஒருத்திக்குப் பெயர் பிளவு. அவள் அணிந்திருக்கும் உடையில் ஒரு பாதியில் 'ஆம்' என்றும், மறு பாதியில் 'இல்லை' என்றும் எழுதியிருக்கிறது. கையிலுள்ள ரம்பத்தினால் அவள் தன் உடலையே அறுத்துக் கொண்டிருக்கிறாள். ஒன்பதின்மர் ஒவ்வொரு நாளும் இந்தச் சித்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் வரி விதித்தார்கள், தண்டனை விதித்தார்கள், போருக்கும் சமாதானத்துக்கும் கட்டளை இட்டார்கள்.

சித்திரம் எழுதிப் பத்து வருஷத்துக்குள், 1348-ல், ஐரோப்பாவைச் சூறையாடிய பெரும் பிளேக் ஸியேனாவுக்கும் வந்தது. ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மடிந்தார்கள். உலகத்திலேயே பெரிய மாதாகோயிலாக்கி விடுவது என்று தொடங்கியிருந்த திருப்பணி அத்துடன் நின்றது. கூரையில்லாத ஒற்றைச் சுவர் ஒன்று இன்றும் கோயிலுக்குப் பக்கத்தில் ஆகாயத்தை நோக்கி நிற்கிறது.

ஸியேனாவின் பரம வைரி ப்ளாரென்ஸ். இரு நகரங்களுக்கும் பாஷை ஒன்று, மதம் ஒன்று, நடுவிலுள்ள தூரம் நாற்பது மைலுக்குச் சற்று மேல். ஆயினும் ப்ளாரென்ஸ் போப்பாண்டவர் கட்சி. ஸியேனா சக்கரவர்த்தி கட்சி. 1260-ல் மோன்டாபெர்ட்டி என்ற இடத்தில் ஸியேனா வென்றது. அந்த வெற்றியை இன்றைக்கும் ஸியேனாக்காரர்கள் நேற்று நடந்தது போல் பேசுகிறார்கள். கடைசி வெற்றியோ ப்ளாரென்ஸ் அதிபதிக்குக் கிடைத்தது. ஸ்பெயின் தேசத்துச் சைன்யத்தின் துணையோடு அவன் ஸியேனாவை முற்றுகையிட்டான். நகரத்துப் பெண்மணிகள் மூன்று அணிகளாகப் பிரிந்து மண்ணும் கட்டையும் சுமந்து கொத்தளம் எழுப்பியதைப் பிரெஞ்சுத் தளபதி மோன்லூக் தம் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதி வைத்திருக்கிறார். உணவு குறையவே, போருக்கு உபயோகமில்லாத முதியவர்களையும் குழந்தைகளையும் கோட்டைக்கு வெளியே அனுப்பினார்கள். முற்றுகையிட்டவர்கள் அவர்களைப் போக விடவில்லை. மதிலுக்கும் பகைவர் பாசறைக்கும் இடையில் அகப்பட்டு மாண்டவர்கள் பலர். 1555 ஏப்ரலில் நகரம் சரணடைந்தது. அப்போதும் சில குடும்பங்கள் பக்கத்திலுள்ள மோன்டால்சினோக் குன்றுக்குச் சென்று, 1559 வரை குடியரசின் பெயரைக் காப்பாற்றின.

குடியரசு போன பிறகும் ஸியேனா மக்கள் ஒன்றை மட்டும் விடவில்லை. நகரம் பதினேழு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பேட்டைக்கும் தனிக் கொடி, தனிக் கோயில், தனி நீரூற்று உண்டு. வாத்து, ஆமை, நத்தை, முள்ளம்பன்றி என்று அடையாளங்களும் உண்டு. ஒரு பேட்டைக்கு, முதுகில் கோபுரம் சுமந்த யானை! ஆண்டுதோறும் ஜூலை 2-ந் தேதியும் ஆகஸ்டு 16-ந் தேதியும் காம்போ மைதானத்தில் 'பாலியோ' என்னும் குதிரைப் பந்தயம் நடக்கிறது. மைதானத்தை மூன்று முறை சுற்ற ஒன்றரை நிமிஷம் கூட ஆவதில்லை. அதற்காக வருஷம் முழுவதும் பேட்டைக்குப் பேட்டை விரோதமும் சமாதானமும் பேசுகிறார்கள். பழைய யுத்தங்கள் இப்படி விளையாட்டாகச் சுருங்கியிருப்பது க்ஷேமந்தான்.

எதிர் வீட்டைவிட ஒரு முழம் உயரம்

ஸியேனாவிலிருந்து வடமேற்கே இருபத்தைந்து மைல் தூரத்தில் ஸான் ஜிமின்யானோ. திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒலிவ மரங்களுக்கும் நடுவில் குன்றின் மேல் கல் கோபுரங்கள் கூட்டமாக நிற்பதைத் தூரத்திலிருந்தே காணலாம். இவை கோயில் கோபுரங்கள் அல்ல. வீட்டுக் கோபுரங்கள். வட ஐரோப்பாவிலிருந்து ரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகர் பாதை இந்த ஊர் வழியாகச் சென்றது. யாத்திரிகர்களாலும் குங்குமப்பூ வியாபாரத்தினாலும் ஊரில் பணம் பெருகிற்று. பணம் வந்தவர்கள் கோபுரம் எழுப்பினார்கள். ஒருவன் எழுப்பினால் எதிர் வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவன் ஒரு முழம் கூட்டிக் கட்டினான். இப்படியாக, சிறிய ஊரில் எழுபத்திரண்டு கோபுரங்கள் கிளம்பினவாம். நகர சபையின் கோபுரத்துக்கு மேல் யாரும் கட்டக் கூடாது என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. இப்போது எஞ்சியிருப்பவை சுமார் பதினான்கு. அவற்றில் மிக உயர்ந்தது நகர சபையின் 'பெரிய கோபுரம்', 177 அடி. அதன் மேல் ஏறினால் தஸ்கனிப் பிரதேசம் முழுவதும் கண்ணுக்கு விருந்தாயிருக்கும்.

கோபுரங்கள் அழகுக்காக மட்டும் எழுந்தவை அல்ல. அர்டிங்கெல்லி குடும்பம் போப்பாண்டவர் கட்சி. ஸால்வுச்சி குடும்பம் சக்கரவர்த்தி கட்சி. தெருவில் சண்டை மூண்டால் கோபுரத்துக்குள் புகுந்துகொண்டு கல்லெறிவதற்கு அவை உதவின. 1300-ல் ப்ளாரென்ஸின் தூதராக மகாகவி தாந்தே இங்கே வந்து, போப்பாண்டவர் கட்சி நகரங்களின் கூட்டத்தில் இந்த ஊரும் சேர வேண்டும் என்று நகர மாளிகையில் பேசினார். அந்த மண்டபத்துக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. இரண்டு வருஷத்துக்குள் ப்ளாரென்ஸில் அவருடைய கட்சியே இரண்டாகப் பிளந்தது. தாந்தேயை ஊரை விட்டுத் துரத்தினார்கள். கடைசி வரையில் அவர் பிறந்த ஊருக்குத் திரும்பவேயில்லை.

ஸான் ஜிமின்யானோவையும் 1348-ல் பிளேக் வாட்டியது. ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு குடும்பங்களின் சச்சரவு ஓயவில்லை. 1353-ல் ஊரார் தாங்களே ப்ளாரென்ஸுக்கு அடங்கினார்கள். யாத்திரிகர் பாதையும் நாளடைவில் வேறு பக்கம் திரும்பியது. ஊர் ஏழையாயிற்று. பழைய கட்டடத்தை இடித்துப் புதிய மோஸ்தரில் கட்டுவதற்கு யாரிடமும் பணம் இல்லை. அந்த வறுமையின் புண்ணியத்தினாலேயே, பணக்கார நகரங்களில் மறைந்துபோன கோபுரங்கள் இங்கே பிழைத்து நிற்கின்றன. 1990-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது.

மத்தியான்ன ஆகாரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தஸ்கனி ரொட்டியில் உப்புப் போடும் வழக்கம் இல்லை. சமையற்காரர் மறந்துவிட்டார் என்று யாரையும் கோபிக்க வேண்டாம். பழைய ரொட்டியும் அவரையும் கீரையும் சேர்த்துக் கொதிக்க வைத்த 'ரிபொல்லிட்டா' சைவர்களுக்கு ஏற்றது. ஆனால் மாமிச ரசம் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். "ஸென்ஸா கார்னே" என்றால் மாமிசம் இல்லாமல் என்று அர்த்தம். ஸியேனாவின் 'பான்போர்ட்டே' என்ற பணியாரத்தில் பாதாமும் பழ வற்றலும் தேனும் வாசனைச் சரக்குகளும் சேருகின்றன. அதன் பழைய வகையில் மிளகும் உண்டு. அந்நாளில் ஐரோப்பாவுக்குப் போன மிளகு நமது மலையாளக் கரையிலிருந்து போனதுதான்.

பீஸாவின் சங்கிலிகள்

மாலை வேளைக்குப் பீஸா வந்து சேருகிறோம். சாய்ந்த கோபுரம் மாதாகோயிலின் மணிக் கூண்டு. 1173-ல் கட்டத் தொடங்கினார்கள். மூன்றாவது அடுக்கு எழும்பும்போதே அடியிலிருந்த மென்மையான மண் ஒரு பக்கம் அமுங்கிற்று. யுத்தங்களினால் வேலை ஏறக்குறைய நூறு வருஷம் நின்றது. அந்த இடைவெளியில் மண் இறுகியதனாலேயே கோபுரம் தப்பியது என்று நிபுணர்கள் சொல்லுகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் கட்டி முடிந்தது. 1990-ல் அபாயம் என்று மூடிவிட்டார்கள். சாய்வுக்கு எதிர்ப்புறமுள்ள வடபக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, உச்சியில் ஏறக்குறைய ஒன்றரை அடி நிமிர்த்தி, 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். மேலே ஏறக் குறித்த நேரத்துக்கு டிக்கட்டு உண்டு. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அநுமதிப்பதில்லை.

இப்போது மயான மண்டபத்துக்குள் போய்ச் சங்கிலிகளைப் பார்க்கலாம்.

பீஸா ஒரு காலத்தில் கடலாண்ட குடியரசு. அதன் போட்டி ஜெனோவா. 1284-ல் மெலோரியாத் தீவுக்கருகில் நடந்த கடற்போரில் ஜெனோவா பீஸாவின் கப்பற் படையை நாசமாக்கி, ஆயிரக்கணக்கானவர்களைச் சிறை கொண்டு போயிற்று. அப்படிப் பிடிபட்டவர் என்று கருதப்படும் பீஸா நகரத்து ருஸ்டிச்செல்லோ, ஜெனோவாச் சிறையில் 1298-ல் இன்னொரு கைதியின் பிரயாணக் கதையைக் கேட்டு எழுதினார். அந்தக் கைதிதான் மார்க்கோ போலோ. பாண்டிய நாட்டையும் காயல் துறைமுகத்தையும் பற்றி ஐரோப்பியர் விரிவாகத் தெரிந்துகொண்டது இந்தப் பீஸாக்காரர் எழுதிய புத்தகத்தின் மூலமாகத்தான்.

1290-ல் ஜெனோவாக்காரர்கள் மறுபடி வந்து பீஸாவின் துறைமுகத்தைப் பாழாக்கினார்கள். பகைவர் கப்பல் நுழையாதபடி துறைமுக வாயிலில் குறுக்கே கட்டியிருந்த இரும்புச் சங்கிலிகளை வெட்டி எடுத்துக் கொண்டு போய்த் தங்கள் ஊரில் வெற்றிச் சின்னமாக மாட்டினார்கள். அவற்றில் ஒரு பகுதி பிற்பாடு ப்ளாரென்ஸுக்குப் போயிற்று. கப்பல் போன பீஸாவை 1406-ல் ப்ளாரென்ஸ் அடிமைப்படுத்தியது. 1494-ல் பீஸா எழுந்தது. பதினைந்து வருஷம் போராடியது. 1509-ல் மீண்டும் வீழ்ந்தது.

ஜெயித்த ப்ளாரென்ஸாவது சுதந்திரமாக வாழ்ந்ததா? 1530-ல் சக்கரவர்த்தியின் சைன்யம் அதன் குடியரசையும் முடித்து மெடிச்சி வம்சத்தை முடிசூட்டியது. அந்த வம்சம் அற்றபோது, 1737-ல், ஆஸ்திரியாவோடு சம்பந்தப்பட்ட லொரேன் வம்சத்தார் தஸ்கனிக்கு அதிபதிகள் ஆனார்கள். ஒரே பாஷை பேசிய அண்டை ஊர்கள் ஒன்றையொன்று விழுங்கின. கடைசியில் எல்லாவற்றையும் அந்நியன் விழுங்கினான். இந்தக் கதை நமக்குப் புதியதல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலி தேசம் ஒன்று என்ற எண்ணம் பிறந்தது. 1848-ல் ப்ளாரென்ஸ் தன்னிடமிருந்த சங்கிலிகளைப் பீஸாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1860-ல் ஜெனோவாவும் கொடுத்தது. ஐந்நூற்றெழுபது வருஷத்துக்குப் பிறகு சங்கிலிகள் வீடு திரும்பின. அவற்றை மறுபடி துறைமுகத்தில் கட்டவில்லை. யாரைத் தடுப்பதற்காகக் கட்டுவது? மண்டபத்துச் சுவரில் மாட்டினார்கள்.

அதே மண்டபம் 1944 ஜூலை 27-ந் தேதி பீரங்கிக் குண்டினால் தீப்பற்றியது. கூரையில் வேய்ந்திருந்த ஈயம் உருகி வழிந்து பழைய சுவர்ச் சித்திரங்களை அழித்தது. பல பத்து வருஷங்கள் பாடுபட்டு, எஞ்சியவற்றைச் சுவரில் திரும்பப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கோடை காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் இதே பிரதேசத்தில் ஜெர்மானியருடன் போர் புரிந்து கொண்டிருந்தார்கள். ப்ளாரென்ஸுக்குத் தென்மேற்கே மோன்டெகுபோனி மாளிகையில், ப்ளாரென்ஸ் சித்திரசாலையிலிருந்து ஒளித்து வைத்த விலை மதிப்பற்ற சித்திரங்களை எட்டாவது இந்திய டிவிஷனைச் சேர்ந்த மராட்டியப் படையினர் கண்டு காவல் காத்தார்கள். போட்டிச்செல்லி எழுதிய 'வஸந்தம்' என்ற உலகப் பிரசித்தமான சித்திரம் அவற்றில் ஒன்று. அந்த வருஷம் பிப்ரவரியில், தெற்கே மின்யானோ என்னுமிடத்தில், மதராஸ் ஸாப்பர் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் தம் சகாக்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் க்ராஸ் விருது கிடைத்தது. அந்தப் போரில் இத்தாலி மண்ணில் மாண்ட இந்தியர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். சொந்த தேசத்துக்குச் சுதந்திரம் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால், இன்னொரு தேசத்தின் விடுதலைக்காக அவர்கள் இரத்தம் சிந்தினார்கள்.

மாஜினி மறைந்த வீடு

கோஷ்டியின் வேன் பீஸாவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆர்னோ நதியைக் கடந்து, தென்கரையில், ரயில் நிலையத்துக்குச் சமீபத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் வழிகாட்டியிடம் காலையிலேயே சொல்லிவிட்டு, பீஸாவில் கோஷ்டியை விட்டுப் பிரிந்து கொள்ளலாம். பீஸாவிலிருந்து ப்ளாரென்ஸுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். வீடு திறந்திருக்கும் நேரத்தை முன்னதாக விசாரித்துக் கொள்ள வேண்டும்.

1872 மார்ச்சு 10-ந் தேதி, பிரௌன் என்னும் ஆங்கிலப் பெயரில் அந்த வீட்டில் தங்கியிருந்த ஒரு முதியவர் காலமானார். இறந்தவர் யார் என்று தெரிந்ததும் இத்தாலி முழுவதும் துக்கம் கொண்டாடிற்று. அவர்தான் ஜோஸப் மாஜினி. 1831-ல் 'இளம் இத்தாலி' சங்கத்தை ஸ்தாபித்து, தேசம் ஒன்றுபட வேண்டும், அது குடியரசாகவும் இருக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்தவர். 1861-ல் இத்தாலி ஒரே ராஜ்யமாயிற்று. ஆனால் முடியரசாகவே ஆயிற்று. மாஜினி அந்த முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தார். ஆகவே தாம் உண்டாக்கிய தேசத்திலேயே பெயரை மறைத்துக் கொண்டு உயிர்விட நேர்ந்தது. வீடு இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு வீச்சினால் அழிந்தது. யுத்தத்துக்குப் பிறகு அதை மீண்டும் எழுப்பி, அவர் நினைவாகப் புத்தகசாலையும் காட்சிசாலையும் அமைத்திருக்கிறார்கள்.

மாஜினி பிறந்த ஊர் எது தெரியுமா? ஜெனோவா! பீஸாவின் கப்பல்களை மூழ்கடித்து, சங்கிலிகளைக் கொண்டு போன அதே ஜெனோவா. அந்த ஊர்ப் புதல்வர் ஒருவர் பீஸாவில் அடைக்கலம் புகுந்தார். பீஸா மக்கள் அவரைத் தம்மவராகவே நினைத்து அழுதார்கள்.

மாஜினியின் பெயர் நம் தாத்தாக்கள் காலத்தில் தமிழ் வீடுகளில் தெரிந்த பெயர். இளம் இத்தாலிச் சங்கத்தில் சேருவோர் செய்த பிரதிக்கினையைப் பாரதியார் தமிழ்ப் பாட்டாக்கித் தந்தார். காந்தி மகாத்மா 1909-ல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' என்னும் நூலில் இத்தாலியையும் இந்தியாவையும் ஒப்பிட்டு ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. மாஜினியை மகாத்மா போற்றினார். ஆனால் ஆஸ்திரியர் போய் இத்தாலிய அரசன் வந்ததனால் உழைக்கும் இத்தாலியருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். அந்நியரை ஓட்டுவது மட்டும் சுயராஜ்யமாகாது என்பது அவர் கருத்து.

1946 ஜூன் 2-ந் தேதி, பெண்களும் முதன் முறையாகத் தேசம் முழுவதும் கலந்துகொண்ட பொது வாக்கெடுப்பில், இத்தாலிய மக்கள் முடியரசை நீக்கிக் குடியரசைத் தேர்ந்துகொண்டார்கள். மாஜினி மறைந்து அப்போது எழுபத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. மகாத்மா கேட்ட கேள்விக்கு அது முழு விடையல்ல. அந்தக் கேள்வி இத்தாலிக்கும் நமக்கும் பொதுவாக இன்னும் இருந்துகொண்டே இருக்கிறது. ஸியேனா மண்டபத்துச் சித்திரக்காரர் கோட்டை வாசலைத் திறந்து வைத்து, பாரம் ஏற்றிய கழுதைகளுடன் குடியானவர்களை உள்ளே வரவிட்டதும் அதே கேள்வியை மனத்தில் கொண்டுதான்.

ஆகையால் தஸ்கனிக்குப் போகும் நேயர்கள் சாய்ந்த கோபுரத்தின் முன்னால் கைகளை நீட்டி நின்று தாராளமாகப் புகைப்படம் எடுத்துக் கொள்ளட்டும். பிறகு குழந்தைகளை அழைத்துக்கொண்டு மயான மண்டபத்துக்குள் சென்று, அந்தச் சங்கிலிகள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போய் எப்படித் திரும்பி வந்தன என்பதையும் சொல்லிக் காட்டட்டும். அதற்குக் கால் மணி நேரம் போதும்.